போடியார் உட்கார மறுத்த குஷன்

போன ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்கு வந்த ஒரு பெரிய மனிதர், நான் தைத்த குஷனில் உட்கார மறுத்துவிட்டார்.

சும்மா மறுக்கவில்லை. கதிரைக்குப் பக்கத்தில் வந்தார், சால்வையைத் தோளில் சரிசெய்தார், பாதி குனிந்தார்... அப்படியே நின்றுவிட்டார். பிறகு நிமிர்ந்து அடுத்த கதிரைக்குப் போனார். அதிலும் குஷன். அதற்கடுத்த கதிரைக்குப் போனார். அதிலும் குஷன். எங்கள் விறாந்தையில் மொத்தம் ஆறு கதிரைகள். ஆறையும் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, மனிதர் பேசாமல் போய் வாசற்படியில் குந்திக்கொண்டார்.

வந்தவர் லேசுப்பட்ட ஆளில்லை. சித்தாண்டிப் பக்கத்துப் போடியார் — கண்ணுக்கெட்டிய தூரம் வயலும், பட்டி பட்டியாக மாடும் உள்ளவர். அதெல்லாம் கிடக்கட்டும். என் மகள் பரிமளத்துக்கு நாங்கள் கேட்டிருக்கும் மாப்பிள்ளைக்கு அவர் தகப்பன்!

இப்போது சொல்லுங்கள்... ஒரு குஷன் இவ்வளவு பாடு படுத்துமா?

நடந்ததை முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன். சொன்னால்தான் எனக்கு ஆறும். தவிரவும், இதில் உங்களில் சிலருக்கும் பங்கு இருக்கிறது. அது எப்படியென்று போகப் போகத் தெரியும்.

இந்தப் பக்கத்தை வாரா வாரம் படிப்பவர்களுக்கு என் வியாதி தெரியும். எனக்கு எதையும் எறிய மனம் வராது. எறியாததைச் சும்மா வைக்கவும் மனம் வராது. உடைந்த குடையின் கைப்பிடி இருக்கிறதா? சுவரில் அடித்தால் கதவுத் திறப்புக்கோர்வை மாட்டலாம். (அடித்திருக்கிறேன். என் வீட்டுக்காரர் முதற் சம்பளத்தில் வாங்கிய குடை அது.) அவருடைய கலியாணச் சால்வையில் பூச்சி அரித்துவிட்டதா? அரிக்காத கரையை வெட்டி எடுத்து மேசை விரிப்பைச் சுற்றித் தைக்கலாம். அதையும் தைத்திருக்கிறேன். சால்வை போன இடத்தைக் கண்டுபிடித்த அன்று அவர் பொழுது சாயும்வரை என்னுடன் பேசவில்லை. இப்போது வீட்டுக்கு யார் வந்தாலும் அவரே அந்த விரிப்பைத் தடவித் தடவிக் காட்டுகிறார்.

மீன் செதில் பூ தெரியுமா உங்களுக்கு? பெரிய கொடுவா மீனின் செதிலைக் கழுவி, சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறப்போட்டு, காயவைத்து, சாயம் தோய்த்து, மெல்லிய கம்பியில் கோத்தால் அசல் முல்லைப்பூ. பார்க்கிறவர்கள் மோந்துகூடப் பார்ப்பார்கள். அங்கேதான் கொஞ்சம் பிசகிவிடும். நான் முதன்முதலில் செய்த பூங்கொத்தை யன்னலோரம் வைத்தபோது, தெருவில் இருந்த அத்தனை பூனைகளும் மூன்று நாளாக யன்னலுக்குக் கீழே வரிசையாக உட்கார்ந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தன. இரண்டாவது கொத்துக்குச் சவர்க்காரம் கூடப் போட்டேன். பூனைகளும் ஏமாந்து எழும்பிப் போய்விட்டன.

பரிமளம் முதன்முதலில் 'அ' எழுதிய சிலேட்டு, கண்ணாடி போட்ட சட்டத்துக்குள் கூடத்துச் சுவரில் தொங்குகிறது. ஒரு உண்மையைச் சொல்லட்டுமா? கண்ணாடி போடும் முன்பு ஒருநாள் தூசி தட்டுகிறேன் என்று அதை நானே ஈரத்துணியால் துடைத்துவிட்டேன். இப்போது சட்டத்துக்குள் இருக்கும் 'அ' என் கையெழுத்து — இடது கையால், கோணலாக, ஐந்து வயதுப் பிள்ளை எழுதுவது போலப் பாடுபட்டு எழுதியது. பரிமளத்துக்கு இது தெரியாது. இந்த வாரத்துடன் தெரிந்துவிடும்.

சரி, கதைக்கு வருகிறேன்.

எங்கள் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரிந்ததுதான். பெண் புகுந்த வீடு போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டுக்கு வருவார். வீடு பெண்பிள்ளைக்கு. பெற்றவர்கள் அதே வளவில் பின்பக்கமாகச் சின்ன வீடொன்று கட்டிக்கொண்டு ஒதுங்கிவிடுவோம். இந்த வீட்டை எனக்குக் கொடுத்துவிட்டு என் அம்மாவும் அப்பாவும் அப்படித்தான் ஒதுங்கினார்கள். இப்போது எங்கள் முறை. பின்வளவில் இரண்டு அறையும் ஒரு குசினியும் எழும்பியாகிவிட்டது.

ஆகவே மாப்பிள்ளை வீட்டார் வருவது பெண்ணைப் பார்க்க அல்ல. பெண்ணை அவர்கள் கோயிலில் வைத்து எப்போதோ பார்த்துவிட்டார்கள். வீட்டைப் பார்க்கத்தான் வருவார்கள். கூரை ஒழுகுமா, கிணற்றுத் தண்ணீர் உவர்க்குமா, மகன் காற்றாட உட்கார விறாந்தை இருக்கிறதா — எல்லாம் பார்ப்பார்கள்.

வீட்டைப் பார்க்க வருகிறார்கள் என்றால் என்னைப் போன்ற ஒருத்தி சும்மா இருப்பாளா? இரண்டு மாதம் ஊசியும் கையுமாக இருந்தேன். சமையல் ஒரு பக்கம் அடிப்பிடிக்க, நான் ஒரு பக்கம் கதவுக்கும் யன்னலுக்கும் கேட்டின் தைத்துக்கொண்டிருந்தேன். கொடுத்துவிடப்போகிற வீட்டுக்கு ஏன் இந்தப் பாடு என்று என் வீட்டுக்காரர் ஒருநாள் கேட்டார். நான் ஊசியில் நூல் கோத்தேன். பதில் எனக்கே தெரியவில்லை.

ஆனால் ஒன்று தெரியும். இந்தச் சம்பந்தம் தவறக்கூடாது. ஏனென்றால், இதற்கு முன் வந்த இரண்டு சம்பந்தத்துக்கும் பரிமளம் வேண்டாம் என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டாள். பெண்பிள்ளைப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறவள். அவளிடம் வாதாட முடியாது. மூன்றாவதாக இந்தப் பெடியனைப் பற்றிச் சொன்னபோது, கையிலிருந்த கொப்பியைத் திருத்திக்கொண்டே, தலை நிமிராமல், "ஓம்" என்றாள். கொப்பி தலைகீழாக இருந்ததை நான் கவனித்தேன்.

மாப்பிள்ளையும் வாத்தியார்தான். தினமும் சைக்கிளில் எங்கள் வாசலால் போகிறார். அவருடைய பள்ளிக்கூடம் இருப்பது எங்கள் ஊர் வாவிக்கு மறுகரையில். ஏன் இந்தப் பக்கமாகச் சுற்றிப் போகிறார் என்று நான் யாரிடமும் கேட்கவில்லை.

இனி, குஷனுக்கு வருவோம்.

நான் மிஷன் பள்ளிக்கூடத்தில் தையல் படித்தவள். எங்களுக்குப் படிப்பித்த வெள்ளைக்கார டீச்சர் தந்த டிசைன்களெல்லாம் இன்னும் என் மேசை லாச்சிக்குள் இருக்கின்றன. ரோசாப்பூ, கோட்டை, காதைத் தொங்கப்போட்ட ஒரு நாய். முப்பது வருடமாக அந்த நாயைத் தைத்துத் தைத்து எனக்கு அலுத்துவிட்டது. கோட்டையோ எங்கள் ஊரிலேயே இருக்கிறது, குஷனிலும் எதற்கு? இந்த மண்ணில், இந்தக் காற்றில் பிறந்ததாக ஒரு டிசைன் வேண்டும் என்று தேடிக்கொண்டிருந்தேன்.

தேடியது வீட்டு வாசலிலேயே வந்து நின்றது. நெல் ஏற்றிய ஒரு வண்டி, மில்லுக்குப் போகிற வழியில், எங்கள் பூவரச மரத்து நிழலில் நின்றது. வெள்ளை மாடு. அதன் பின்தொடையில் ஒரு இலை. இலையின் நுனியிலிருந்து ஒரு வால் வளைந்து மேலே போகிறது. இரண்டு பக்கமும் இரண்டு புள்ளி. அவ்வளவுதான். ஆனால் அந்த வளைவு இருக்கிறதே... யாரோ ஒருவன் கை நடுங்காமல் ஒரே இழுப்பில் இழுத்த வளைவு.

ஓடிப்போய்ப் பென்சில் எடுத்துவந்தேன். கடதாசி அகப்படவில்லை; இவருடைய கோட்டுப் பைக்குள் இருந்த ஒரு நீள என்வலப்பின் முதுகில் வரைந்தேன். வண்டிக்காரன் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, மாடு விற்பதற்கில்லை என்றான். மாடு எனக்கு வேண்டாம், பின்பக்கம் மட்டும் போதும் என்றேன். அதற்குப் பிறகு அவன் அங்கே நிற்கவில்லை. வண்டியை ஓட்டிக்கொண்டு போய்விட்டான்.

மாட்டுக்குக் குறி சுடுவார்கள் என்பது எனக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். காட்டில் கலந்து மேயும் மாடுகளில் எது யாருடையது என்று அறிய, ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒவ்வொரு குறி. குறி இருந்தால் சொத்து அவர்களுடையது, மறு பேச்சில்லை. அரசாங்கக் கந்தோரில் அதற்கென்று பெரிய புத்தகமே இருக்கிறது. அந்தப் புத்தகம் இருக்கிற அலுமாரிக்கு முன்னால் உட்கார்ந்துதான் இவர் பத்து வருடமாக வேலை செய்கிறார்! இரண்டு பேருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. எனக்கு அது ஒரு இலை. இவருக்கு அது ஒரு குஷன்.

சிவப்பு நூலில் ஆறு குஷன். பச்சை நூலில் நாலு கேட்டின். மேசை விரிப்பின் நடுவில் ஒன்று, பெரிதாக. தேத்தண்ணிப் போச்சியைச் சூடு ஆறாமல் மூடும் உறையில் ஒன்று. மாப்பிள்ளைக்கென்று வைத்த தலையணைகளின் மூலைகளில் சின்னதாக நாலு. ஊசி ஏறுகிற இடமெல்லாம் போட்டேன்.

போட்டதோடு நின்றேனா? மூன்று வாரத்துக்கு முன்னால் இதே பக்கத்தில், எத்தனை தையல் குறுக்கே, எத்தனை தையல் நெடுக்கே என்று உங்கள் எல்லோருக்கும் எழுதிக்கொடுத்தேன். அதற்கு 'வாவித் தளிர்' என்று பெயரும் வைத்தேன். 'என் சொந்தக் கற்பனை' என்று ஒரு வரி வேறு... ஆசிரியர் ஐயா, அந்த வரிக்காக மன்னிக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. போடியாரும் பெண்சாதியும் சொந்தத் திருக்கல் வண்டியில் வந்து இறங்கினார்கள். எங்கள் பக்கத்தில் நான், இவர், என் அண்ணன். பெண்ணுக்குத் தாய்மாமன் இல்லாமல் எங்கள் வீடுகளில் ஒரு தேங்காய்கூட உடைபடாது. அண்ணன் கல்முனையிலிருந்து முதல்நாளே வந்து, சால்வைக்கு மடிப்பு எடுத்து வைத்திருந்தார். பரிமளம் அறைக்குள், கேட்டினுக்குப் பின்னால்.

அதன்பிறகுதான் ஆறு கதிரையும் சுற்றிவந்து வாசற்படியில் உட்கார்ந்த கதை. போடியார் பெண்சாதி மட்டும் ஒரு கதிரையின் விளிம்பில் உட்கார்ந்து, குஷனை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். சின்னஞ்சிறு மனுசி. வந்ததிலிருந்து ஒரு வார்த்தை பேசவில்லை.

"இந்தக் குறிய ஆரு போட்டது?" என்று போடியார் கேட்டார்.

நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். என்ன செய்வது, இரண்டு மாதமாக யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தவள். நான்தான் போட்டது, எல்லாம் என் கைவேலை, கடையில் வாங்கியது ஒன்றுமில்லை என்று ஒரே மூச்சில் சொன்னேன். கேட்டினையும் காட்டினேன். தலையணையையும் எடுத்துவந்து காட்டினேன்! அவர் முகம் இருண்டுகொண்டே போனது எனக்குத் தெரியவேயில்லை.

"தங்கச்சி, அது எங்கட மாட்டுக் குறி," என்றார் போடியார். சொல்லிவிட்டு வாசல் பக்கம் கையைக் காட்டினார்.

வாசலில் அவிழ்த்துக் கட்டிய வண்டி மாடுகள் வைக்கோல் தின்றுகொண்டு நின்றன, எங்களுக்கு முதுகைக் காட்டியபடி. தொடையில் இலை, வால், இரண்டு புள்ளி. அந்த நேரம் பார்த்து வாவியிலிருந்து ஒரு காற்று வந்து யன்னல் கேட்டினைத் தூக்கிக் காட்டியது. இலை, வால், இரண்டு புள்ளி. நான் மாட்டைப் பார்த்தேன், கேட்டினைப் பார்த்தேன், மறுபடி மாட்டைப் பார்த்தேன். தையல் எண்ணிக்கைகூட அச்சாகப் பொருந்தியிருந்தது.

இவர் மெதுவாக மூக்குக் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு எழும்பிப் போய் மாட்டைப் பார்த்தார். திரும்பி வந்து குஷனைப் பார்த்தார். பிறகு கந்தோரில் சொல்வது மாதிரி, "ஓம், பதிஞ்ச குறிதான்," என்றார். கேட்டீர்களா? கட்டிய மனிதர் செய்கிற உதவி!

போடியாருக்குக் கோபம் ஏறியதன் நியாயம் எனக்குக் கொஞ்சம் பிந்தித்தான் விளங்கியது. அவருடைய குறியை நாங்கள் எங்கள் சாமான்களில் போட்டு வைத்திருக்கிறோம். அப்படியென்றால் அவருடைய பட்டியில் எங்களுக்குப் பங்கு வேண்டும் என்று அர்த்தம்! மாடு வேண்டுமென்றால் வாயால் கேட்டிருக்கலாம், இப்படி வீடு முழுக்க எழுதி வைக்கத் தேவையில்லை என்றார். மாப்பிள்ளையும் கொடுத்து மாடும் கொடுக்கிற வழக்கம் எந்த ஊரில் இருக்கிறது என்றும் கேட்டார்.

அப்போது என் அண்ணன் எழும்பினார். அவர் எங்களுக்காகப் பேசப்போகிறார் என்று நினைத்தேன். அவர் என் பக்கம் திரும்பினார். குறி யாருடையதோ சொத்து அவர்களுடையது அல்லவா? என்னவென்று அவர்களுடைய குறியை நம்முடைய வீட்டில் போட்டாய்? இது பெண்வழியாக வந்த வீடு, நாளைக்கு வீடே போடியார் வீடு என்றாகிவிடாதா என்று என்னைப் பிடித்துக்கொண்டார்.

பார்த்தீர்களா வேடிக்கையை? ஒருவர் எங்கள் குஷன் அவருடைய மாட்டை எடுத்துவிட்டது என்கிறார். மற்றவர் அதே குஷன் எங்கள் வீட்டை அவருக்குக் கொடுத்துவிட்டது என்கிறார். இரண்டு பேரும் ஒரு குஷனை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கக்கூடாத நேரத்தில் வருகிற சிரிப்பு இருக்கிறதே, அது தும்மலை விடப் பொல்லாதது. வாயை முந்தானையால் பொத்திக்கொண்டேன். அழுகிறேன் என்று நினைத்துவிட்டார்கள். நல்லதாகப் போயிற்று.

சமாதானம் பேச இவர் வந்தார். வரவேண்டாம் என்று கண்ணால் சாடை காட்டினேன். அவர் என் சாடையை எப்போது கண்டார்? இதில் ஒரு கெட்ட எண்ணமும் இல்லை, வெறும் டிசைன்தான், பேப்பரில்கூட வந்தது என்றார்.

"பேப்பர்லயா?" என்றார் போடியார்.

ஓம், தைக்கிற விதமும் போட்டிருக்கிறது என்று இவர் பெருமையாகச் சொன்னார்.

போடியார் தலையில் கையை வைத்துக்கொண்டார். நாங்கள் தலைமுறை தலைமுறையாகக் காத்துவந்த குறி, இப்போது யார் வேண்டுமானாலும் சுடலாமா என்று கேட்டார். ஏறாவூரில் ஒரு சகோதரி அதைத் தன் கட்டில் விரிப்பில் தைத்து முடித்துவிட்டதாக எனக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். கதிரவெளியில் ஒருவர் தொட்டில் சீலையில் போட்டிருக்கிறார். தன்னாமுனையில் ஒரு வாத்தியாரம்மா வகுப்புப் பிள்ளைகள் எல்லோருக்கும் படிப்பித்தே விட்டார். இதையெல்லாம் அந்த நேரத்தில் நான் வாய் திறந்து சொல்லவில்லை. உங்களில் சிலருக்கும் பங்கு இருக்கிறது என்று முதலில் சொன்னேனே, அது இதுதான்.

அப்போதுதான் அறைவாசலைப் பார்த்தேன்.

கேட்டினின் ஓரத்தை ஒரு கை இறுக்கிப் பிடித்திருந்தது. பரிமளத்தின் கை. முகம் தெரியவில்லை, கைமட்டும் தெரிந்தது. விரல்களெல்லாம் வெளுத்துப்போயிருந்தன. எனக்குச் சிரிப்பு போன இடம் தெரியவில்லை. இரண்டு முறை வேண்டாம் என்று சொன்னவள் இவள். ஒரே ஒரு முறை ஓம் என்றாள். அந்த ஓமை நான் ஊசியால் கெடுத்துவிட்டேனே!

உள்ளே ஓடிப்போய்க் கத்தரிக்கோலை எடுத்துவந்தேன். விறாந்தை நிலத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். எல்லாவற்றையும் இப்போதே வெட்டிப் பிரித்துவிடுகிறேன், ஒரு நூல் மிச்சம் வைக்கமாட்டேன், பேப்பரிலும் எழுதிவிடுகிறேன், கோபிக்க வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே அகப்பட்ட குஷனை எடுத்து முதல் புள்ளியை வெட்டினேன். அடுத்ததாக இலையில் கத்தரிக்கோலை வைத்தேன்.

யாரோ என் மணிக்கட்டைப் பிடித்தார்கள். போடியார் பெண்சாதி. அவரும் என் பக்கத்தில் நிலத்தில் வந்து உட்கார்ந்திருந்தார்.

"வெட்டாதீங்க," என்றார். "எனக்கு நாலும் ஆம்பிளப் புள்ளயள். மூண்டு பேர மூண்டு வீட்டுக்குக் குடுத்திட்டன். போய்ப் பாத்தா நல்லாத்தான் இரிக்கானுகள். ஆனா அந்த வீடுகளில எங்கட எண்டு சொல்ல ஒரு துரும்பும் இல்ல. வந்த ஆள் மாதிரி இருந்து தேத்தண்ணி குடிச்சிட்டு வாறன்."

அண்ணன்கூட உட்கார்ந்துவிட்டார்.

"இவன் கடைசி," என்றார் அந்த மனுசி. "மாட்டக் காட்டுக்க விட்டா மாசக்கணக்கில கண்ணில படாது. எங்க நிண்டாலும் குறியப் பாத்து இன்னார்ட மாடு எண்டு சொல்லுவாங்க எண்ட நம்பிக்கையிலதான் விட்டுட்டு இருக்கம். இண்டைக்கு இந்தப் படியில ஏறின உடன எங்கட குறியக் கண்டன். இந்த வீட்டுக்கு அவன விட்டுட்டுப் போகலாம் எண்டு எனக்குப் பட்டுது."

கத்தரிக்கோலைக் கீழே வைத்தேன். இந்த முறை முந்தானையால் முகத்தைப் பொத்தியது சிரிப்பை மறைக்க அல்ல.

அப்போதுதான், இவர் கேட்டு நான் சொல்லாத கேள்விக்கு எனக்கே பதில் கிடைத்தது. இரண்டு மாதமாக நான் இந்த வீட்டில் என்ன செய்துகொண்டிருந்தேன்? சுவருக்குச் சுவர், யன்னலுக்கு யன்னல், என் கை பட்டது, என் கை பட்டது என்று நானும் குறி போட்டுக்கொண்டுதானே இருந்தேன்? நாளைக்குப் பின்வளவிலிருந்து மகளைப் பார்க்க முன்வாசலால் வரும்போது, நானும் வந்த ஆள் மாதிரி இருந்துவிடக்கூடாதே என்ற பயம். வீட்டைக் கொடுக்கிறவளுக்கு ஒரு பயம். பிள்ளையைக் கொடுக்கிறவளுக்கு அதே பயம். ஆண்கள் வயலையும் கிணற்றையும் பற்றிப் பேசித் தீர்த்துக்கொள்கிறார்கள். எங்களுக்குத் தைத்து வைக்கத்தான் தெரிகிறது.

போடியார் சால்வையைத் தோளில் சரிசெய்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, அப்படியென்றால் நீங்கள் மாடு கேட்கவில்லையா என்றார். இல்லை என்றேன். ஒரு சோடிகூடவா என்றார். இல்லவே இல்லை என்றேன். மனிதருக்கு ஏனோ அது கொஞ்சம் குறையாகப் போய்விட்டது! யோசித்துவிட்டு, பால் குடிக்க ஒரு பசுவும் கன்றும் அனுப்பி வைக்கிறேன், குறிதான் ஏற்கெனவே வீட்டில் இருக்கிறதே என்றார். சொல்லிக்கொண்டே வந்து ஒரு குஷனில் உட்கார்ந்தார். நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

தேத்தண்ணி வந்தது. கூரையையும் கிணற்றையும் பார்த்தார்கள். பரிமளத்தை வெளியே கூப்பிட்டார்கள். வந்து நின்றவளின் கையில் கேட்டினைப் பிடித்த மடிப்பு அச்சாகப் பதிந்திருந்தது. நாள் பார்த்தாகிவிட்டது. வருகிற அறுவடை முடிந்த கையோடு கலியாணம்.

புறப்படும் நேரத்தில் போடியார் பெண்சாதி என்னை ஒதுக்கமாகக் கூப்பிட்டு, "மச்சாள், ஊசியும் நூலும் தாங்க," என்றார். மச்சாள்! மணிக்கட்டைப் பிடித்தபோது எந்த உறவும் சொல்லவில்லை. தையல் பெட்டியைக் கொடுத்தேன். நான் வெட்டிய குஷனை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, போன புள்ளியைத் தானே தைத்தார். தையல் தெரியாத கை. நெல்லுக் கொழிக்கிற கை. சிவப்பு நூலைப் பார்த்துக் கொடுக்க எனக்குத் தோன்றவில்லை. அவர் கையில் அகப்பட்டது நீலம். புள்ளி வைக்கப்போய் அது ஒரு புளியங்கொட்டை அளவுக்கு வந்து, இலைக்குமேலேயே கொஞ்சம் ஏறிவிட்டது. பின்பக்கம் முடிச்சுகள் குமிந்து கிடந்தன. மிஷன் டீச்சர் கண்டிருந்தால் மயங்கி விழுந்திருப்பார். நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, சரியா என்று என்னைக் கேட்டார். சரி என்றேன். பொய்யில்லை.

கல்முனைக்குப் போன அண்ணன் அன்றிலிருந்து கடிதத்துக்கு மேல் கடிதம் எழுதுகிறார். நம்முடைய பக்கத்துக் குறி ஒன்றும் வீட்டில் இருக்க வேண்டுமாம். நாங்கள் கந்தோர்க் குடும்பம். எங்களிடம் ஒரு ஆட்டுக்குட்டிகூட இல்லை. எந்தக் குறியைப் போடுவது? இவருடைய கந்தோர் முத்திரையையா?

உங்களில் 'வாவித் தளிர்' தைத்தவர்களுக்கு ஒரு வார்த்தை. பிரிக்க வேண்டாம். போடியாரிடம் கேட்டாகிவிட்டது. தலையணையாகவும் தொட்டில் சீலையாகவும் இருக்கும்வரை தனக்கு ஆட்சேபமில்லை என்கிறார். மாட்டில் மட்டும் தைக்காதீர்கள்.

இனி நாங்கள் பின்வளவுக்குப் போகிற ஆயத்தம். இந்த வீட்டிலிருந்து எதையெல்லாம் எடுத்துவரப் போகிறாய் என்று இவர் முந்தாநாள் கேட்டார். பயந்துபோய்த்தான் கேட்டார், சுவரோடு பெயர்த்து எடுத்துவிடுவேனோ என்று. நான் ஒன்றும் வேண்டாம் என்றேன். செதில் பூ, குடைப்பிடி, சால்வைக் கரை, எல்லாம் இருந்த இடத்தில் இருக்கட்டும். அந்த நீலப் புள்ளி வைத்த குஷன் ஒன்று மட்டும் போதும்.

அதைத்தான் பரிமளம் தரமாட்டாளாம். "அது மாமி தைச்சது, எனக்கு," என்று தூக்கி அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டாள். வீட்டையே சிரித்த முகத்தோடு கொடுத்துவிட்ட நான், ஒரு கோணல் குஷனுக்காக மூன்று நாளாக மகளோடு பேசாமல் இருக்கிறேன்.